காதைத் திறந்து வைத்தே பாட்டு கேட்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்னோபோர்ட், அதாவது ஒற்றைப் பலகையில் நின்று பனிமலையில் சறுக்கி இறங்குவது, பழகத் தொடங்குகிறவர்களுக்கு என்ன ஜக்கெற், என்ன பூட்ஸ் என்று எழுதியிருந்தேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் பலர் கேட்டிருப்பது பனிமலையில் பாட்டு கேட்பதைப் பற்றி. வார நாட்களில் நான் ஒலிக்கருவிகள் திருத்துகிறவள்; சனி, ஞாயிறில் ஒன்ராறியோவில் கொலிங்வூட்டில் பிள்ளைகளுக்கு ஸ்னோபோர்ட் பழக்குகிறவள். அதனால் இந்தக் கடிதங்களை ஆசையோடு பிரித்தேன். இடம் இருக்கிற அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 13 வயது. போன வருஷம்தான் கொலிங்வூட் பக்கம் புளூ மவுன்டன் பனிமலையில் ஸ்னோபோர்ட் பழகத் தொடங்கினாள். இந்த வருஷம், வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காத விலை கூடிய இயர்பட் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு அப்பா, ஸ்காபரோ

பதில்: பாட்டு கேட்கட்டும் அண்ணை. ஆனால் அந்த இயர்பட் மலைக்கு வேண்டாம். பஸ்ஸிலோ விமானத்திலோ போடுவதற்கு அது நல்ல சாமான்தான்.

காரணம் ஸ்னோபோர்ட்டில் நாங்கள் நிற்கிற விதம். ஸ்கீயில் போகிறவர் நேரே முன்னுக்குப் பார்த்து இறங்குகிறார். ஸ்னோபோர்ட்டில் பக்கவாட்டாக நிற்கிறோம். உங்கள் மகள் இடது காலை முன்னுக்கு வைத்துப் போகிறவள் என்றால் அவளுடைய நெஞ்சு வலப்பக்கம் பார்க்கும், முதுகு இடப்பக்கம் இருக்கும். பலகையின் குதிகால் பக்க விளிம்பை அழுத்தினால் அவள் திரும்புவது இடப்பக்கம், அதாவது முதுகு இருக்கிற பக்கம். அந்த நேரத்தில் இடது தோளுக்குப் பின்னால் மேலேயிருந்து யார் வருகிறார் என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னே போகிறவருக்குத்தான் வழி உரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் மலை விதி அதுதான். ஆனால் புளூ மவுன்டனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நின்று பார்த்தீர்கள் என்றால், நிற்பாட்டத் தெரியாமல் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அவர்கள் வருவதை முதலில் சொல்வது காதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஒன்ராறியோ மலைகளில் பெரும்பாலும் இயந்திரம் போட்ட பனி. பகலில் கொஞ்சம் உருகி இரவில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பலகையின் விளிம்பு சரியாகக் கடித்துத் திரும்பினால் மெல்லிய, ஒரே சீரான ஒரு கீறல் சத்தம் வரும். விளிம்பு பிடிக்காமல் பக்கவாட்டில் வழுக்கினால் 'கரகர' என்று சுரண்டும். பழகுகிற பிள்ளைகளிடம் நான் திருப்பித் திருப்பிச் சொல்வது இந்தச் சத்தத்தைக் கேள் என்றுதான். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிகிற சரிவில், எங்கே மென்பனி முடிந்து எங்கே உறைபனி தொடங்குகிறது என்பதைக்கூட அந்தச் சத்தம் மாறுவதை வைத்துத்தான் பிடிக்கலாம். இரண்டாவது வருஷம் பழகுகிற பிள்ளைக்கு அது பாடத்தில் பாதி.

அதனால் என் ஒழுங்கு இது. வகுப்பு நேரத்தில் பாட்டு இல்லை. மலை உச்சிக்குக் கொண்டுபோகிற லிஃப்ற்றில் ஏறிப் போகும்போது தாராளமாகக் கேட்கலாம், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் நிறுத்திவிட வேண்டும். அவளுக்கு நன்றாகத் தெரிந்த, கூட்டமில்லாத சரிவில் குறைந்த சத்தத்தில் கேட்டுக்கொண்டு இறங்கலாம். ஒரு காதில் மட்டும் போடுவதென்றால் முதுகுப் பக்கத்துக் காதைத் திறந்து விடச் சொல்லுங்கள். இடது கால் முன்னுக்கு என்றால் இடது காது திறந்திருக்க வேண்டும். வலது கால் முன்னுக்கு என்றால் வலது காது. ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணிப்பது இரண்டு காதுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்து. ஒன்றை அடைத்தால் அந்தக் கணிப்பு கெட்டுப்போகும். ஆகவே இரண்டு காதும் திறந்திருக்கிற கருவிதான் இன்னும் நல்லது.

அப்படியானது ஹெல்மெற்றின் காது மடலுக்குள் செருகுகிற தட்டையான ஸ்பீக்கர். பல ஸ்னோ ஹெல்மெற்றுகளில் காது மடலில் ஒரு சின்ன ஸிப் (zip) இருக்கும். அதைத் திறந்தால் ஸ்பீக்கர் வைப்பதற்கென்றே ஒரு பை. காதுக்குள் ஒன்றும் போகாது, வெளிச்சத்தமும் பெரும்பாலும் கேட்கும். நல்லவற்றில் பட்டன் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெரிதாக இருக்கும். தடித்த கையுறையோடு ஹெல்மெற்றுக்கு மேலாலேயே அழுத்தலாம். பை இல்லாத ஹெல்மெற் என்றால் வெட்டி ஒட்டி ஒன்றும் செய்யாதீர்கள். அடிபட்டால் தலையைக் காப்பதற்கென்று பரிசோதித்து வந்த சாமான், அதன் உள்ளமைப்பை நாங்கள் மாற்றக்கூடாது.

சத்தத்தின் அளவையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல், பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். பெரியவர் 90 டெசிபெல்லில் கேட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மலையில் காற்று காதில் அடிக்க அடிக்க, விரல் தானாகச் சத்தத்தைக் கூட்டும். வீட்டில் இருக்கும்போதே அவளுடைய போனில் உச்ச அளவைப் பூட்டி விடுங்கள்.

கேள்வி: லிஃப்ற்றில் ஏறும்போது போனில் 40 வீதம் பற்றரி காட்டுகிறது. மேலே போய்ச் சேர முன்னமே போன் செத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சேர்ஜில் போட்டால் 30 வீதம் அப்படியே இருக்கிறது! புதுப் பற்றரி போட வேண்டுமா? – ஒரு மாணவர், மிசிசாகா

பதில்: அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்காதீர்கள் தம்பி. முதலில் போனை வைக்கிற பொக்கற்றை மாற்றிப் பாருங்கள்.

லிதியம் அயன் பற்றரிக்குள் இருக்கிற திரவம், மார்கழியில் தேங்காய் எண்ணெய் இறுகுவது போல, குளிரில் தடிக்கும். மின்னைச் சுமக்கிற அயன்கள் மெதுவாக நகரும், உள்தடை கூடும். பாட்டு, புளூடூத், வெளிச்சமான திரை எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்டதும் வோல்ற்றேஜ் சட்டென்று இறங்கும். பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்துப் போன் தன்னைத் தானே நிறுத்திவிடும். உள்ளே சக்தி அப்படியே இருக்கிறது, சூடு வந்ததும் திரும்பக் காட்டுகிறது. ஐபோனைப் பாவிக்க ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் என்று அப்பிளே சொல்கிறது. எங்கள் மலையில் தை மாதத்தில் -15 சாதாரணம்.

ஜக்கெற்றின் வெளிப்பொக்கற், காற்சட்டைப் பக்கப் பொக்கற் எதுவும் வேண்டாம். உள் ஆடைக்கும் ஜக்கெற்றுக்கும் நடுவில், நெஞ்சோடு சேர்த்து வையுங்கள். கை சூடாக்கும் பக்கெற்றைப் போனோடு நேரே ஒட்டி வைக்காதீர்கள், அது போனுக்கு அளவுக்கு மிஞ்சின சூடு. குளிரில் கிடந்த போனை உடனே சேர்ஜில் போடவும் வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே சேர்ஜ் ஏற்றினால் லிதியம் உலோகமாகவே படியத் தொடங்கும். பற்றரிக்கு அது நிரந்தரச் சேதம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். மலையடிவாரக் கடைக்குள் நுழைந்ததும் வெளியில் எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும். கொஞ்ச நேரம் பொக்கற்றுக்குள்ளேயே இருக்கட்டும்.

நெஞ்சுப் பொக்கற்றில் இன்னொரு இலாபமும் உண்டு. புளூடூத் அலையை எங்கள் உடம்பு உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் தெறித்தாவது அலை காதுக்கு வந்து சேரும். திறந்த மலையில் தெறிக்க ஒன்றும் இல்லை. வலது பின்பொக்கற்றில் போன், இடது காதில் இயர்பட் என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டு விக்கி விக்கி வரும். இயர்பட் பழுது என்று என் கடைக்கு வருகிற சிலருக்கு, போனை நெஞ்சுக்கு மாற்றச் சொன்னதே போதுமாக இருந்திருக்கிறது.

அதோடு, மலையில் காலை முறித்துக்கொண்டால் உதவிக்குக் கூப்பிட அந்தப் போன்தான் இருக்கிறது. பாட்டுக்கென்று கிளிப் மாதிரிக் கொழுவுகிற ஒரு சின்னப் பிளேயரைத் தனியாக வைத்திருப்பதைத்தான் நான் விரும்புகிறேன். திரை வேண்டாம், தொட்டால் உணர்கிற பட்டன் வேண்டும். கையுறையைக் கழற்றாமல் பாட்டு மாற்ற முடியாத கருவி பனிக்கு உதவாது. லிஃப்ற்றில் போகும்போது கையுறையை வாயில் கவ்விக்கொண்டு திரையைத் தடவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புளூ மவுன்டன் லிஃப்ற்றின் கீழே வசந்தத்தில் பனி கரைந்ததும் ஒற்றைக் கையுறைகள் கிடப்பது அதனால்தான்.

கேள்வி: மேடம், அப்பாவின் பழைய ஐபாட் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள தடித்த மாடல். இன்னும் வேலை செய்கிறது. வருகிற பிப்ரவரியில் காஷ்மீரில் குல்மார்க் போகிறேன், அங்கே ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ளப் போகிறேன். அதைக் கொண்டுபோகலாமா? அந்தக் காலத்தில் இவர்கள் எப்படித்தான் பாட்டு கேட்டார்கள்? – ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனம் துள்ளியது. இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

ஸ்னோபோர்ட்டும் பொக்கற்றில் போகிற பாட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை. அமெரிக்காவில் வெர்மொன்ற் மாநிலத்தில் ஜேக் பேர்ட்டன் பலகை செய்யும் கம்பனியைத் தொடங்கியது 1977இல். சொனி முதல் வோக்மனை யப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1979 ஜூலை 1ஆம் திகதி. இரண்டு பேர் சேர்ந்து கேட்கட்டும் என்று அதில் இரண்டு ஹெட்போன் துளை வைத்திருந்தார்கள். கசெற் பிளேயருக்குக் குலுக்கல் அவ்வளவு பிரச்சினை இல்லை, குளிர்தான் பிரச்சினை. உள்ளே இருக்கிற கிறீஸ் தடிக்கும், அல்கலைன் பற்றரி சோரும், மோட்டர் மெதுவாகச் சுற்றும், பாடுகிறவரின் சுருதி கீழே இறங்கும்.

அதற்குப் பிறகு வந்த சீடி இன்னும் மோசம். 1984இல் சொனி கையில் கொண்டுபோகிற சீடி பிளேயரை விட்டது. லேசர் ஒரு மெல்லிய தடத்தைப் பின்தொடர வேண்டும். ஒரு சின்னக் குதி குதித்தாலே தடம் தவறிவிடும். கொஞ்சப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கிற வித்தை பிறகுதான் வந்தது. 1992இல் வந்த மினிடிஸ்க் அந்த வித்தையோடுதான் வந்தது. சின்னது, உறைக்குள் இருக்கிற தட்டு, குலுக்கினாலும் நிற்காது. பனிக்குப் போகிறவர்களுக்கு அது அருமையான கருவி. எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு தனி அன்பு.

2001 ஒக்ரோபர் 23ஆம் திகதி ஐபொட் வந்தது. உள்ளே 5 ஜிபி கொள்ளுகிற, 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். 32 எம்பி நினைவகத்தில் கிட்டத்தட்ட 20 நிமிடப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்க் ஓய்ந்துவிடும். அதனால் குலுக்கல் பெரிதாகத் தெரியாது. 2003இல் பேர்ட்டன் கம்பனியும் அப்பிளும் சேர்ந்து ஒரு ஜக்கெற்றே செய்தன. ஐபொட் நெஞ்சுப் பொக்கற்றில் இருக்கும், ஜக்கெற்றுக் கையின் துணியிலேயே பட்டன்கள் இருக்கும். கையுறையோடு அழுத்திப் பாட்டு மாற்றலாம். விலை 499 டொலர். இன்று ஹெல்மெற் ஸ்பீக்கர் செய்கிற வேலையை அன்றே சரியாக யோசித்திருக்கிறார்கள்.

இனி உங்கள் ஐபொட். ஹார்ட் டிஸ்க்கில் தகவலை வாசிக்கிற தலை, தட்டைத் தொடாமல், சுழற்சியால் உண்டாகிற மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும், தலை தாழும், தட்டில் உரசினால் கதை முடிந்தது. அந்த ஐபொட்டுகளுக்கு 3,000 மீற்றர் உயரம்தான் எல்லை என்று அப்பிள் குறித்திருந்தது. குல்மார்க் ஊர் இருப்பது சுமார் 2,650 மீற்றரில். அங்கே அறையிலும் அடிவாரத்துப் பழகு சரிவிலும் கேட்கலாம். கொண்டோலா என்கிற கம்பி வண்டியின் முதல் கட்டத்தில் கொங்டூரி நிலையத்துக்குப் போனாலே 3,000 மீற்றரைத் தாண்டிவிடுவீர்கள். இரண்டாம் கட்டம் அபர்வத்தில் 3,900 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் விடும். அங்கே அதை ஓட விடாதீர்கள்.

ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னப் பலகையும் மெமரி கார்டும் பொருத்தலாம். சுற்றுகிற பகுதியே இல்லாமல் போகும், உயரமும் குலுக்கலும் பொருட்டல்ல, பற்றரியும் கூட நேரம் நிற்கும். பற்றரி உப்பியிருக்கிறதா என்றும் அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள். நான் என் கடையில் விருப்பத்தோடு செய்கிற வேலைகளில் இது ஒன்று. சென்னையில் பழைய ஐபொட் திருத்தத் தெரிந்தவர் கையில் கொடுங்கள், அப்பாவின் பாட்டுகளை முதலில் கணினியில் படி எடுத்து வைத்துவிட்டு.

குல்மார்க்கில் கற்றுக்கொள்ளும் நாட்களில் பாட்டு அறைக்குத்தான். மலையின் மேல்பகுதியில், எல்லை குறித்து வைத்த சரிவுகளை விட்டு விலகினால் அது பனிச்சரிவு (பனி மொத்தமாகச் சரிந்து விழுகிற) அபாயம் உள்ள மலை. அடுத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: நானும் அவரும் பான்ஃப் பக்கம் சன்ஷைன் வில்லேஜ் பனிமலையில் டெலிரியம் டைவ் என்கிற செங்குத்தான சரிவில் இறங்கப் போகிறோம். பாட்டோடு இறங்கினால் அந்த அனுபவமே வேறு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – ஒரு வாசகி, கல்கரி

பதில்: தங்கச்சி, அங்கே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

அந்தச் சரிவுக்குள் விடும் முன் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுகிற டிரான்ஸீவர், மண்வெட்டி, குத்தித் தேடுகிற கோல், கூட ஒரு துணை எல்லாம் கட்டாயம். டிரான்ஸீவர் 457 கிலோ ஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. போன், பாட்டுப் பிளேயர், ஹெட்போன், கையுறைக்குள் இருக்கிற மின் சூடாக்கி எல்லாமே அந்த மெல்லிய அலையைக் குழப்பக்கூடியவை. அலை அனுப்புகிற நிலையில் மற்ற மின்கருவிகள் குறைந்தது 20 சென்ரிமீற்றர் தள்ளியும், தேடுகிற நிலையில் 50 சென்ரிமீற்றர் தள்ளியும் இருக்க வேண்டும். டிரான்ஸீவர் நெஞ்சில் கட்டியிருக்கும். முந்தின பதிலில் போனை நெஞ்சில் வைக்கச் சொன்னேனே, அது சாதாரண மலைக்கு. இங்கே போனை அணைத்துக் காற்சட்டைப் பொக்கற்றில் வையுங்கள். உங்கள் துணைவர் புதைந்து நீங்கள் தேடுகிற நிலை வந்தால், காதில் ஒரு ஹெட்போன் குழப்பித் தருகிற பிழையான தூரக் கணக்கு அவருடைய உயிரோடு சம்பந்தப்பட்டது.

அதோடு, காலடியில் பனிப்படலம் 'வூம்' என்று இறங்குகிற சத்தம் பனிச்சரிவு வரப்போவதற்கான அறிகுறிகளில் ஒன்று. "நில்!" என்று துணைவர் கத்துவதும் கேட்க வேண்டும். இறங்கி முடித்து அடிவாரத்தில் சூடான சூப்போடு இருந்து கேளுங்கள்.

கேள்வி: கன்ன எலும்பு வழியாகக் கேட்கிற ஹெட்போன் ஹெல்மெற்றுக்குள் சரிவருமா? ஐபிஎக்ஸ் 4 போதுமா? – ஒரு வாசகர், பேர்ன், சுவிஸ்

பதில்: காது திறந்திருப்பதால் எனக்குப் பிடித்த வகை. ஆனால் தலைக்குப் பின்னால் வளைகிற பட்டி, ஹெல்மெற்றை இறுக்குகிற சக்கரத்தோடு முட்டும். உங்கள் ஹெல்மெற்றையும் கண்ணாடியையும் கடைக்கே கொண்டுபோய் எல்லாவற்றையும் போட்டுத் தலையை ஆட்டிப் பாருங்கள். பட்டி அசைந்து கன்ன எலும்பை விட்டு விலகினால் பாட்டு மங்கிப் போகும், சத்தத்தைக் கூட்டுவீர்கள்.

ஐபிஎக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற நீரைத் தாங்கும். விழுந்தெழும்பிப் பனி உருகி நனைவதற்கு அது போதும். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: வெள்ளை நிறம் வேண்டாம். ஹெல்மெற்றைக் கழற்றும்போது தெறித்து விழுந்த வெள்ளை இயர்பட்டைப் பனிக்குள் தேடிக் கண்டுபிடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. செம்மஞ்சள் கிடைத்தால் நல்லது.

கேள்வி: என்ன பாட்டு கேட்டால் நன்றாகத் திரும்ப வரும்? – ஒரு மிருதங்க மாணவி, மார்க்கம்

பதில்: உங்களுக்குத் தாளம் தெரியும், பாதி வேலை முடிந்தது. விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் எடுங்கள். நான்கு எண்ணிக்கை கால்விரல் விளிம்பு, நான்கு எண்ணிக்கை குதிகால் விளிம்பு. இரண்டு பக்கத் திருப்பமும் ஒரே அளவில் வரும். பழகுகிறவர்கள் எல்லோருமே ஒரு பக்கம் நீட்டி, மற்றப் பக்கம் பயத்தில் அவசரமாக முடிப்பார்கள். தாளம் அதைத் திருத்திவிடும். மிஸ்ர சாப்பு இப்போதைக்கு வேண்டாம், ஏழு எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தால் ஒரு திருப்பம் நீண்டு மற்றது குறுகும். துரித காலமும் வேண்டாம், கால் தானாக வேகம் பிடிக்கும். இதற்குக் கருவியே தேவையில்லை, வாயால் சொல்கட்டு சொல்லிக்கொண்டு இறங்கலாம். என் வகுப்பில் மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் இறங்குகிறார்கள். மேலே நின்று கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: காதில் ஒன்றும் போடாமல் முதுகுப் பைக்குள் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைத்து நண்பர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு இறங்கினால்? – ஒரு இளைஞர், ஏஜாக்ஸ்

பதில்: காது திறந்திருக்கிறது என்பது சரி. ஆனால் நீங்கள் கேட்பதை மலையில் இருக்கிற மற்றவர்களும் கேட்கத்தான் வேண்டும். பக்கத்தில் ஒரு ஆசிரியர் சின்னப் பிள்ளைக்கு "முழங்காலை மடி" என்று சொல்லிக்கொண்டிருப்பார், உங்கள் பாட்டில் அது அமுங்கிப் போகும். முதுகில் அந்தக் கட்டியான பெட்டியோடு பின்பக்கமாக விழுந்தால் முள்ளந்தண்டில்தான் அடி. ஸ்பீக்கரைக் காரில் விட்டுவிட்டு வாருங்கள். வாகனத் தரிப்பிடத்தில் பூட்ஸைக் கழற்றுகிற நேரத்தில், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத சத்தத்தில் போடுங்கள். அந்த வழியால் வந்தால் நானும் நின்று கேட்டுவிட்டுப் போகிறேன்.